குறை எவருடையது?

மாதம் நிறையுமுன் பிறந்துவிடும் மகவைக் குறைமாதப் பிள்ளை என்று வழங்குதல் தமிழ் மரபு. சொல்லின் அமைப்பை நோக்குமிடத்து, குறை என்னும் அடை மாதத்தைத் தழுவி நிற்கின்றதேயன்றிப் பிள்ளையைத் தழுவி நிற்கவில்லை. ஆயினும் உலக வழக்கு இலக்கண வரம்புக்குள் அடங்கி நிற்பதில்லை. மாதத்திற் காணப்பட்ட குறை முதலிற் பிள்ளையின்மேல் ஏறுகின்றது. பின்பு பெற்றவள்மேல் ஏறுகின்றது. "எதைத் தின்றாளோ, எதைத் தூக்கினாளோ, எந்த நேரத்தில் எங்கே போய்வந்தாளோ" என்று அயலும் சுற்றமும் பேசிக்கொள்ளும் பேச்சில், மாதம் நிறையச் சுமக்க மாட்டாதவள் என்ற பழி மறைந்து கிடக்கின்றது. வைத்தியசாலையில் இரவும் பகலும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் அப்பழியை ஏற்றுக்கொண்டு தன்னையே நொந்துகொள்கிறாள்.

இக்குறை உண்மையில் எவருடையது என்று வினவுதலே இக்கட்டுரையின் நோக்கம். இதனோடு பிணைந்த வேறொரு வினாவும் உண்டு. விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஒரு சிசுவைச் சாவினின்றும் மீட்டெடுக்கும் சமுதாயம், அவ்வளவோடு தன் கடன் தீர்ந்தது என்று கருதலாமா? அன்றி, மீட்கப்பட்ட உயிர் எத்தகைய வீட்டுக்கு, எத்தகைய அடுப்படிக்குத் திரும்பிச் செல்கின்றது என்பதும் அச்சமுதாயத்தின் பொறுப்பில் அடங்குமா? இவ்வினா அறம் பற்றியது. ஆதலின் இதனை மருத்துவரிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு ஏனையோர் ஒதுங்கிக்கொள்ளல் தகாது.

முதலில் உண்மைகளைத் தெளிந்துகொள்வோம். கருப்பக்காலம் 37 வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கின்றது. 2500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறத்தலைக் குறைந்த பிறப்பு நிறை என்பர். ஒரு காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. 1961ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் நிபுணர் குழு இவற்றை வேறுபடுத்தி நோக்குமாறு கூறிற்று. மாதம் நிறைந்தும் மெலிந்து பிறக்கும் பிள்ளை உண்டு. மாதம் குறைந்து, அம்மாதத்துக்கேற்ற நிறையோடு பிறக்கும் பிள்ளையும் உண்டு. இரு குறைகளும் ஒருங்கே சேர்ந்த பிள்ளையும் உண்டு. வறுமை மிகுந்த இடங்களிலே மூன்றாவது வகையினர் பலராயிருப்பர்.

2020ஆம் ஆண்டில் உலகிற் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள், அஃதாவது பத்தில் ஒன்று, மாதம் நிறையுமுன் பிறந்தவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. இப்பிள்ளைகளுள் 32ஆம் வாரத்திலோ அதற்கு முன்னரோ பிறப்பவை, வறிய நாடுகளில் ஏறக்குறையப் பாதி இறந்துபடுகின்றன. செல்வம் மிக்க நாடுகளிலோ அதே வாரத்திற் பிறப்பவை பெரும்பாலும் யாவும் பிழைத்துக்கொள்கின்றன. வறிய நாட்டுப் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் அரிய நோயன்று; உடற் சூடு இன்மை, தாய்ப்பால் ஊட்டும் வசதியின்மை, தொற்று, மூச்சுத் திணறலுக்கு எளிய சிகிச்சை இன்மை என்பனவே அவற்றின் உயிரைக் குடிக்கின்றன.

இங்கே நம் முதல் முடிபு பிறக்கின்றது. ஒரே வாரத்தில், ஒரே நிறையில் பிறக்கும் இரு பிள்ளைகளுள் ஒன்று வாழ்வதும் மற்றொன்று மாள்வதும் அவை பிறந்த மண்ணின் பொருளாதாரத்தைப் பொறுத்திருக்குமாயின், அச்சாவை இயற்கையின் கணக்கில் எழுதுதல் பொய்க்கணக்காகும். விதி, ஊழ், கருமம் என்னும் சொற்களைக் கையாளுவோரும் இக்கணக்கையே வேறு மொழியில் எழுதுகின்றனர். மாற்றக்கூடிய ஒன்றை மாற்றமுடியாதது என்று கூறும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, மாற்ற விரும்பாதவர்களுக்குத் துணைபோகின்றனர்.

குறைமாதச் சிசுவைக் காக்கும் முயற்சியின் வரலாறு இவ்வகையிற் பல படிப்பினைகளை வழங்குகின்றது. 1880ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து மகப்பேற்று வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய ஸ்தேபான் தார்னியே என்னும் மருத்துவர், அந்நகரின் விலங்குக் காட்சிச்சாலையிலே கோழிக்குஞ்சு பொரிக்கும் பொறியைக் கண்டார். அதனைப்போன்ற பெட்டியொன்றைச் சிசுக்களுக்காகச் செய்வித்தார். வெந்நீரின் சூட்டினால் இயங்கிய அப்பெட்டி வழக்கத்துக்கு வந்தபின், 2000 கிராமுக்குக் குறைந்த சிசுக்களின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது. விஞ்ஞானத்தின் வெற்றிகளுள் இது குறிப்பிடத்தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆனால் தார்னியேயின் மாணாக்கரான பியர் புதன் மேலும் ஒரு படி சென்றார். பெட்டியிலே காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பியபின் கெட்ட பாலாலும் வயிற்றோட்டத்தாலும் மடிவதை அவர் காணநேர்ந்தது. தாயைப் பிரித்துவைத்துப் பிள்ளையை மட்டும் காப்பாற்றினால் பால் வற்றிப்போகின்றது, உறவும் வற்றிப்போகின்றது என்பதையும் அவர் உணர்ந்தார். 1892ஆம் ஆண்டில் அவர் பச்சிளங் குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையமொன்றை ஆரம்பித்து, வீடு சென்ற பிள்ளைகளைத் தாய்மார் மீண்டும் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துப் பார்க்கவும், தாய்ப்பால் ஊட்டவும், அதற்கு வழியில்லாதவிடத்துத் தூய்மை செய்யப்பட்ட பாலைப் பெறவும் ஏற்பாடு செய்தார். இன்று உலகெங்கணும் தாய்சேய் நிலையங்கள் செய்துவரும் பணிக்கு முன்னோடியாய் அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. வைத்தியசாலையின் வாயிற்படியோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்பதே புதன் கண்ட உண்மை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியை அமெரிக்காவிற் காண்கிறோம். நியூயோர்க் நகரின் கோனி தீவிலே, கேளிக்கைப் பூங்காவின் நடுவே, மார்ட்டின் கூனி என்பவர் 1903ஆம் ஆண்டு முதல் 1943ஆம் ஆண்டு வரை உயிருள்ள சிசுக்களைப் பெட்டிகளில் வைத்துக் காட்சிப்படுத்தினார். பார்வையாளர் 25 சதம் கொடுத்து உள்ளே சென்றனர். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கப்படவில்லை. தாம் ஏற்றுக்கொண்ட ஏறத்தாழ 8000 சிசுக்களுள் 6500 பிழைத்தன என்பது கூனியின் சொந்தக் கணக்கு. இத்தகைய சிசுக்கள் இனத்தைப் பலவீனமாக்கும் பதர்கள், அவை செத்தொழிதலே நன்று என்று கற்றோர் பலர் வாதித்த காலம் அது. அக்காலத்தில் அவற்றை வாழத்தக்க உயிர்களாக மதித்த கூனியை இகழ்ந்துரைத்தல் நமக்கு எளிது, ஆனால் நீதியாகாது. வைத்தியசாலைகள் கைவிட்ட பிள்ளைகளையே அவர் ஏற்றுக்கொண்டார்.

எனினும் அக்காட்சியினுள்ளே பொதிந்திருந்த முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். பெட்டிக்குள்ளிருந்த பிள்ளையைக் காண்பதற்கு மக்கள் காசு கொடுத்தனர். அப்பிள்ளை திரும்பிச் செல்லவிருந்த நெருக்கடி மிகுந்த குடியிருப்பை, ஒளியும் காற்றும் புகாத அறையை, தந்தையின் கூலியைக் காண்பதற்கு எவரும் காசு கொடுக்கவில்லை. இரக்கம் வேடிக்கைப் பொருளின்மேற் படிகின்றது. அப்பொருளை ஆக்கிய நிலைமைகளின்மேற் படிவதில்லை. இன்றும் பத்திரிகைகளிலே, மிகச் சிறிய சிசு பிழைத்த அதிசயம் என்று படத்துடன் செய்தி வெளியாகின்றது. ஆறு மாதம் கழித்து அப்பிள்ளை என்ன உண்கின்றது என்ற செய்தி வெளியாவதில்லை.

மூன்றாவது காட்சி தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டாவில் நிகழ்ந்தது. வறிய தாய்மார் நிரம்பி வழிந்த மகப்பேற்று வைத்தியசாலையொன்றிலே பெட்டிகள் போதாமையால் ஒன்றிலேயே பல சிசுக்கள் கிடத்தப்பட்டன; தொற்றினால் மாண்டன; தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் கைவிடப்படுவதும் உண்டு. 1978ஆம் ஆண்டில் எட்கார் றே சனாப்ரியா என்னும் மருத்துவர், சிசுவைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பொருந்தக் கட்டிவைக்கும் முறையைப் புகுத்தினார். எக்தோர் மார்ட்டினேஸ் என்பவர் அவரோடு சேர்ந்து அம்முறையை வளர்த்தெடுத்தார். கங்காரு முறை என்று அது பெயர்பெற்றது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நிகழ்த்தப்பெற்று 2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் சிசு மரணம் நான்கிலொரு பங்கு குறைகின்றது என்று காட்டிற்று. வறியோர் வைத்தியசாலையிலே போதாமையிற் பிறந்த முறை, பின்னர் செல்வ நாடுகளுக்கும் பாடமாயிற்று.

ஆயினும் இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். கங்காரு முறைக்கு யந்திரம் வேண்டியதில்லை, ஆதலின் செலவில்லை என்று மகிழ்ந்துரைப்போர் உளர். தாயின் உடலைச் செலவில்லாத பெட்டியாகக் கொள்ளும் கணக்கு இது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல், இயன்றால் நாள் முழுவதும், பிள்ளையை மார்பிற் சுமக்கும் தாய்க்கு எவர் சமைத்துக் கொடுப்பது? தண்ணீர்க் குழாயடிக்கு எவர் செல்வது? மூத்த பிள்ளைகளை எவர் பார்ப்பது? அன்றாடக் கூலியை எவர் ஈட்டுவது? யந்திரப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறவாத நாம், தாயாகிய பெட்டிக்குச் சோறு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பொகோட்டாவில் இம்முறையில் வளர்ந்தோரை இருபது ஆண்டுகளின் பின் ஆராய்ந்தோர், அதன் நன்மை மிக நலிந்த பிள்ளைகளிடத்தே நெடுங்காலம் நிலைத்ததாக 2017ஆம் ஆண்டில் எழுதினர். அங்கே தாய்க்கும் குடும்பத்துக்கும் பயிற்சியளித்து, வீடு திரும்பிய பின்னரும் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தமை அம்முறையின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்பதை மறத்தலாகாது.

இனி உணவைப்பற்றிக் கூறுவோம். 1944ஆம் ஆண்டின் இறுதியில் நாஸிப் படையினர் மேற்கு ஒல்லாந்துக்கு உணவு செல்லாதவாறு தடுத்தனர். அந்தக் குளிர்காலத்திலே ஒருவருக்குரிய நாளாந்தப் பங்கீடு 1000 கலோரிக்குக் கீழிறங்கி, சில மாதங்களில் 400க்கும் 800க்கும் இடையில் நின்றது. கருப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பசியுற்ற தாய்மார் பெற்ற பிள்ளைகளின் சராசரி நிறை ஏறத்தாழ 300 கிராம் குறைந்தது. 1945 மே மாதத்தில் நாடு விடுதலை பெற்று உணவு கிடைத்ததும் பிறப்பு நிறையும் விரைவிலே பழைய நிலையை எய்திற்று. அத்தாய்மாரின் இனமோ, குணமோ, கல்வியோ அச்சில மாதங்களில் மாறிவிடவில்லை. உணவு மறைந்தது; பின்பு வந்தது. அவ்வளவே.

மேற்கு ஆபிரிக்காவின் கம்பியா நாட்டிலே 28 கிராமங்களில் ஐந்தாண்டு காலம் நடைபெற்ற ஆராய்ச்சி இதனையே வேறு வகையில் மெய்ப்பித்தது. கருவுற்ற பெண்களுக்கு நிலக்கடலை கலந்த பிஸ்கட்டுகள் நாள்தோறும் வழங்கப்பட்டன. பிறப்பு நிறை சராசரியாக 136 கிராம் கூடிற்று. பயிர் முற்றாத பசிக்காலத்தில் அவ்வுயர்வு 201 கிராம். செத்துப் பிறத்தலும் குறைந்தது. இம்முடிபுகள் 1997ஆம் ஆண்டில் வெளியாயின. உணவு, பிள்ளையின் நிறையைக் கூட்டுவதுபோல் அவ்வளவு நேராகக் கருப்ப மாதத்தைக் கூட்டுவதில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லுதல் வேண்டும். மாதம் குறைந்து பிறத்தலுக்குத் தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, அடுத்தடுத்த கருப்பம், மிக இளம் வயது, கடும் உடலுழைப்பு எனக் காரணங்கள் பல. காரணம் அறியப்படாத பிறப்புகளும் பல. செல்வர் வீட்டிலும் குறைமாதப் பிள்ளை பிறக்கின்றது. ஆயினும் இக்காரணங்களுட் பல ஏழையின் வீட்டு வாசலையே அடிக்கடி தட்டுகின்றன. பிறந்தபின் நேரும் விளைவுகளிலோ வர்க்க வேறுபாடு ஐயத்துக்கிடமின்றிப் புலனாகின்றது.

இவ்வுண்மைகளை மனத்திற்கொண்டு நம் நாட்டை நோக்குவோம். இலங்கை இத்துறையில் வெட்கித் தலைகுனியவேண்டிய நாடன்று. 1926ஆம் ஆண்டில் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதரும், கட்டணமின்றிச் சிகிச்சை வழங்கும் அரச வைத்தியசாலைகளும் சேர்ந்து பெரும் மாறுதலை விளைவித்தன. 1946ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளுள் 141 பிள்ளைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அவ்வெண்ணிக்கை இந்நூற்றாண்டில் பத்துக்கும் கீழிறங்கியது. மழையிலும் வெயிலிலும் நடந்து திரிந்த எளிய பெண்களின் உழைப்பு இவ்வெண்களுக்குள்ளே அடங்கியுள்ளது.

ஆனால் நாட்டின் சராசரி என்பது பல உண்மைகளை மூடும் போர்வையுமாகும். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதத்தினர். தோட்டப்பகுதியில் 32 சதவீதத்தினர். நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளும் தோட்டப்பகுதியிலேயே கூடுதலானோர். தேயிலை விற்று இந்நாடு ஈட்டிய அந்நியச் செலாவணியிலிருந்தே இலவச வைத்தியத்துக்கும் இலவசக் கல்விக்கும் ஒரு பெரும் பங்கு வந்தது என்பதை நினைவிற்கொண்டால், இவ்வேற்றுமை வெறும் புள்ளிவிவரமாகத் தோன்றாது. சராசரியை உயர்த்திய உழைப்பாளியின் பிள்ளையே அச்சராசரிக்குக் கீழே கிடக்கின்றது.

மலைச்சரிவிலே கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நிறை என்ற சொல் மிகவும் பழக்கமானது. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராதபோது முழுப்பேர் அரைப்பேராகின்றது, கூலி பாதியாகின்றது. கருவுற்றிருக்கும் காலத்தும், இயன்ற நாள்வரை, பேரை இழக்க அவள் துணிவதில்லை. மாலையில் அவள் திரும்புவது லயன் காம்பராவுக்கு. வெள்ளையர் காலத்திலே கூலிகளை அடைத்துவைக்கக் கட்டப்பட்ட அவ்வறைகளிற் பல, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாய், இன்றும் குடும்பங்கள் வாழும் இடங்களாயிருக்கின்றன. விறகடுப்பின் புகையும், சுவரின் ஈரமும், மலைக்குளிரும், பலர் கூடிப் படுக்கும் நெருக்கமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. சுவாசப்பை முதிராது பிறந்து, பல வாரம் பிராணவாயுவின் துணையால் வாழ்ந்த பிள்ளை அப்புகைக்குள்ளேதான் கொண்டுவந்து கிடத்தப்படுகின்றது. வைத்தியசாலையில் வெப்பநிலையை அரைப்பாகை பிசகாமற் காத்த பெட்டிக்கும் இவ்வறைக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. ஆயினும் அறத்தின் அளவுகோலால் அளந்தால் அதனைவிடப் பெரிய தூரம் வேறில்லை.

சட்டத்தையும் ஒருகணம் நோக்குவோம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்டவாறு, எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 12 வார விடுமுறையை வழங்கிற்று. அது போராடிப் பெற்ற உரிமை, மதிக்கத்தக்கது. ஆனால் 30ஆம் வாரத்திற் பிறந்த பிள்ளையைக் கருதுக. அது பிறந்திருக்கவேண்டிய நாள் வருவதற்கு இன்னும் பத்து வாரங்கள் உள்ளன. விடுமுறை முழுவதும் பிறப்புக்குப் பின்பே கிடைப்பதாகக் கொண்டாலும், பிள்ளை தான் பிறக்கவேண்டிய நாளைக் கடந்து இரண்டு வாரம் ஆகும்போது தாய் மலைக்குத் திரும்பவேண்டும். பிள்ளையோ பிள்ளைக் காம்பராவுக்குச் செல்லவேண்டும். மாதம் நிறைந்த பிள்ளைக்கும் குறைந்த பிள்ளைக்கும் ஒரே அளவு என்று கூறும் சட்டம் வெளித்தோற்றத்திலே சமத்துவமுடையது. பயனிலோ நலிந்தவனுக்குக் குறைத்துக் கொடுப்பது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம், தாயோ பிள்ளையோ இவ்விருவருள் இறுதியாக வைத்தியசாலையை விட்டு வெளியேறுபவரின் நாளிலிருந்தே விடுமுறையை எண்ணவேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், குறைமாதப் பிள்ளைகளின் பெற்றோருடைய தனித்தேவைகளை விடுமுறைச் சட்டங்கள் ஏற்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

தாயின் உணவுக்கு வருவோம். நம் முன்னோர் பிள்ளைப்பேற்றின் பின் தாயைப் பேணுவதற்கு ஓர் ஒழுங்கை வகுத்திருந்தனர். யாழ்ப்பாணத்திலே காயச்சரக்கு அரைத்துக் கறி ஆக்கிக் கொடுத்தலும், பால் சுரப்பதற்கெனச் சுறா வறையும் முருங்கையிலையும் உள்ளியும் ஊட்டுதலும் இன்றும் வழக்கிலுண்டு. பெற்றவளுக்கு மேலதிக உணவு வேண்டும் என்னும் அறிவு அதில் இருக்கின்றது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இன்றைய விஞ்ஞானமும் கூறும். ஆனால் அவ்வொழுங்கு தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கும் நிலையை எண்ணியே வகுக்கப்பட்டது. குறைமாதப் பிள்ளை வாரக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடக்கும்போது, தாய் அதன் பக்கத்திலே வாங்கின்மேல் இருந்து, பாணும் வெறுந்தேநீரும் கொண்டு நாளைக் கழிக்கிறாள். உறிஞ்சி விழுங்கும் ஆற்றல் இன்னும் கைகூடாத பிள்ளைக்கு அவள் பாலைப் பிழிந்தெடுத்துக் குழாய்வழி ஊட்டவேண்டும். எந்த மருந்துக்கும் நிகரான அப்பால், எதை உண்டு சுரக்கவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. தந்தை அன்றாடக் கூலியாளனாயின், அவன் பார்க்கவரும் நாள் ஒவ்வொன்றும் அடுப்பெரியாத நாளாகின்றது.

1973ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் திரிபோஷ என்னும் சத்துமா இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. கருவுற்ற தாய்க்கென்று கொடுக்கப்படும் பொதியை வீட்டிலுள்ளோர் யாவரும் பகிர்ந்து தின்றுவிடுகின்றனர் என்று உத்தியோகத்தர் சிலர் குறைகூறுவர். அக்குறையை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். பசித்த பிள்ளைகள் மூவர் சுற்றியிருக்க, தனக்கென்று வந்த மாவைத் தானே உண்ணும் தாயை நாம் பாராட்டுவோமா? பகிர்ந்துண்ணல் தலையாய அறம் என்று பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவ்வறத்தை லயத்திலே ஒரு தாய் கடைப்பிடிக்கும்போது அதனை அறியாமை என்கிறோம். குற்றம் பகிர்ந்ததில் இல்லை. ஒருத்திக்கு அளந்த மாவை ஐவர் வீட்டுக்குள் அனுப்பிய கணக்கில் உள்ளது. அன்றியும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே சோளம் போதாமையால் அம்மாவின் உற்பத்தியும் தடைப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் கடந்து நின்றது. தேவை மிகுந்த நேரத்திலே உதவி மெலிந்தது.

பழி முழுவதையும் முதலாளியின்மேலும் அரசின்மேலும் சுமத்திவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளல் கூடாது. வறுமை ஒன்றே தாயின் உணவைப் பறிப்பதில்லை. ஆடவர்க்கும் ஆண்மக்கட்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சியதை உண்பவளே நல்ல மனைவி என்ற ஒழுக்க நூலை எழுதியவர் தோட்டத்துரை அல்லர். அது நம்முடையது. வசதியுள்ள குடும்பங்களிலும் கருவுற்ற மருமகள் இரத்தச்சோகையோடு பிள்ளை பெறுகிறாள் என்றால், அதன் காரணம் சந்தையில் இல்லை; நம் குசினியிலேயே உள்ளது. வர்க்கக் கொடுமையை எதிர்ப்போர் வீட்டுக் கொடுமைக்குக் கண்மூடுவராயின், அவர்களின் எதிர்ப்பு அரைப்பேர் எதிர்ப்பாகவே முடியும்.

சில தடைகளுக்கு விடையிறுத்து இதனை முடிக்கலாம். வறிய நாடு இத்தனையும் எவ்வாறு தாங்கும் என்று கேட்பர் சிலர். ஒரு சிசுவை வாரக்கணக்கில் யந்திரங்களால் உயிர்ப்பிக்கும் செலவை ஏற்றுக்கொண்ட நாடு, அதன்பின் தாய்க்கு ஆறுமாத உணவையும், புகை போக்கியுள்ள அடுப்பையும், சில வார ஊதியத்தையும் மறுத்தால், முதலிற் செலவிட்டதையும் சேர்த்தே இழக்கின்றது. விதைத்து முளைவந்தபின் நீர்பாய்ச்ச மறுக்கும் கமக்காரனைச் சிக்கனக்காரன் என்று எவரும் சொல்வதில்லை.

தாய்மாருக்கு அறிவூட்டினாற் போதும் என்பர் வேறு சிலர். கல்வியை இகழ்தல் ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு ஒவ்வாது. கை கழுவுதலும் தாய்ப்பாலின் பயனும் கற்பிக்கப்படவேண்டியவையே. ஆனால் முட்டையும் மீனும் கீரையும் உண்ணுக என்று சுவரொட்டியில் எழுதிவைப்பது, அவற்றை வாங்கும் கூலி உள்ளவளுக்கே அறிவுரை. இல்லாதவளுக்கு அது ஏளனம். செய்யமுடியாததைச் செய்யச்சொல்லி, பின் செய்யவில்லை என்று பழிப்பது கல்வியாகாது.

மூன்றாவது தடை வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை, மனத்துக்குள்ளே கிடப்பது. இத்துணை நலிந்த உயிரைக் காத்து என்ன பயன் என்பதே அது. பண்டைத் தமிழ் மன்னர் குடியிலே செத்துப் பிறந்த பிள்ளையையும், உருவம் பெறாத தசைப் பிண்டத்தையும், ஆளல்ல என்று ஒதுக்காது வாளாற் பிளந்த செய்தியைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு தருகின்றது. வீரயுகத்தின் கொடிய வழக்கம் அது, நாம் போற்றத்தக்கதன்று. ஆயினும் அதனுள்ளே வியக்கத்தக்க எண்ணம் ஒன்று கிடக்கின்றது. நிறைவடையாத பிறப்பும் அக்குடியின் முழு உறுப்பினனே என்று அவர்கள் கொண்டனர். அம்மதிப்பு அரச குடிக்கு மட்டும் உரியதாயிருந்தது; செத்தபின் வாளால் வழங்கப்பட்டது. நம் காலத்தின் கடன் அதனை உழைப்பாளியின் குடிக்கும் உரியதாக்குதல். உயிரோடிருக்கும்போதே சோற்றாலும் கூரையாலும் வழங்குதல்.

பிள்ளை மாதம் நிறையுமுன் பிறப்பதை எப்போதும் தடுத்துவிட மனித அறிவு இன்னும் வளரவில்லை. ஆனால் அப்பிள்ளை திரும்பிச் செல்லும் வீடு எப்படியிருக்கவேண்டும் என்பதை அறிவதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. விடுமுறை, பிள்ளை பிறக்கவேண்டிய நாளை நோக்கி எண்ணப்படுதல் வேண்டும். உணவு, தாய் ஒருத்திக்கென்று அளக்கப்படாது வீட்டுக்கு அளக்கப்படுதல் வேண்டும். வைத்தியசாலையிற் காத்திருக்கும் தாய்க்கு ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சோறும் சிகிச்சையின் பகுதியாகக் கருதப்படுதல் வேண்டும். லயன் காம்பராக்கள் மனிதர் வாழும் வீடுகளுக்கு இடம்விட்டு அகலுதல் வேண்டும். இவற்றை அருளாகக் கேட்கவேண்டியதில்லை. இந்நாட்டின் செல்வத்தை முதுகிற் சுமந்தவர்கள் தம் பங்கையே கேட்கின்றனர்.

குறைமாதப் பிள்ளை என்ற சொல் நம் வழக்கில் நிலைத்திருக்கலாம், தவறில்லை. மாதத்தின் குறை மாதத்தோடு நிற்கட்டும். அதற்குப்பின் அப்பிள்ளையின் உணவிலும் உறையுளிலும் காணப்படும் குறைகளுக்குத் தாயின் பெயரை இடுவதை நாம் நிறுத்துவோம். அவை நம்முடையவை, நாமே தீர்க்கவேண்டியவை.